அம்மா பிரான்சுக்குப் போயிருந்த வருஷம்

எங்கள் வீட்டில் அந்த வருஷத்துக்கு ஒரு பெயர் உண்டு. அம்மா பிரான்சுக்குப் போயிருந்த வருஷம். தம்பியும் நானும் இப்போதும் அப்படித்தான் சொல்வோம். பக்கத்தில் இருப்பவர்கள், "அப்படியா, உங்க அம்மா பிரான்சுல இருந்தாங்களா?" என்று கேட்பார்கள். பாண்டிச்சேரியில் அது அதிசயமான கேள்வி இல்லை. உப்பளம் பகுதியில் நாங்கள் இருந்த தெருவிலேயே சில வீடுகளில் யாராவது ஒருவர் அங்கே இருந்தார்.

எங்கள் அம்மா அங்கே போகவில்லை. செத்துப்போனாள். அப்போது எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஆறு.

என் வயதுக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம் காலத்தில் சாவு விழுந்த வீட்டிலிருந்து முதலில் அப்புறப்படுத்துவது பிள்ளைகளைத்தான். பயந்துவிடுவார்கள், ஏங்கிவிடுவார்கள், காய்ச்சல் வந்துவிடும். நல்ல மனசோடு செய்ததுதான். உங்களில் எத்தனை பேர் அப்படி யாரோ ஒரு சித்தி வீட்டிலோ மாமா வீட்டிலோ உட்கார்ந்துகொண்டு, எல்லோரும் ஏன் இவ்வளவு அன்பாக இருக்கிறார்கள் என்று யோசித்திருப்பீர்களோ தெரியாது. நான் யோசித்திருக்கிறேன்.

அம்மாவுக்கு வயிற்றில் நோவு. அந்த மழைக்காலம் முழுக்கப் பாயில் ஒருக்களித்துப் படுத்தே கிடந்தாள். படுத்தபடியே எனக்குத் தலை பின்னிவிடுவாள். நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் கொடுக்க வேண்டும். பின்னி முடித்ததும் அவள் கை, அதற்கே மூச்சு வாங்குவது போல, அப்படியே என் தோளில் கிடக்கும். விபூதியும் தேங்காயெண்ணெயும் ஏதோ கசப்பான தைல வாசனையும் கலந்த கை. பிறகு ஒரு நாள் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ரிக்‌ஷாவில் ஏறும்போது தம்பியைப் பார்த்து, "அக்காவைத் தொந்தரவு பண்ணாத" என்றாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான் பெரியவள் அல்லவா, சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருப்பாள்.

ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகவில்லை. அப்பா மில்லில் தறி ஓட்டுகிறவர். ஷிப்ட் முடிந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலிருந்து ஷிப்ட் என்று இருந்தார். அவர் தலைமுடியில் எப்போதும் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்கும். அம்மா இருந்தால் தட்டிவிடுவாள். அந்த நாட்களில் அது அப்படியே இருந்தது.

ஒரு காலையில் அத்தை வந்தது. அப்பாவின் அக்கா, காலாப்பட்டில் இருந்தது. கண் சிவந்திருந்தது. எங்களுக்கு நல்ல துணியாக எடுத்துப் போட்டுவிட்டு, "வாங்க, நம்ம ஊட்டுக்குப் போலாம். கடல்ல குளிக்கலாம்" என்றது. பஸ்ஸில் ஜன்னல் சீட் எனக்கு. வழியில் அத்தை கேட்காமலே கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தது. அத்தையின் சிக்கனம் ஊரறிந்தது. அந்த மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். தின்னப் பிடிக்கவில்லை.

இப்போது பல்கலைக்கழகம் இருக்கிற பக்கமெல்லாம் அப்போது செம்மண்ணும் முந்திரியுமாகக் கிடக்கும். அத்தை வீட்டுக்குப் பின்னால் சவுக்குத் தோப்பு. காற்றடித்தால் யாரோ விடாமல் 'உஷ்' என்று சொல்வது போல இருக்கும். எங்களை அங்கே விட்டுவிட்டு அத்தையும் மாமாவும் உடனே கிளம்பிப் போனார்கள். சாயங்காலம் திரும்பும்போது அத்தையின் தலை ஈரமாக இருந்தது. சேலையும் ஈரம். "மழை பெய்ஞ்சிதா?" என்று கேட்டேன். "ஆமா" என்றது. பாண்டியில் மழை, இங்கே தூறல்கூட இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

தம்பி சோறு தின்னும்போது அழ ஆரம்பித்தான். அம்மாதான் ஊட்ட வேண்டும் என்று தட்டைத் தள்ளினான். அத்தை மடியில் எடுத்து வைத்துப் பார்த்தது, நிலாவைக் காட்டியது, ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் என்ன தோன்றியதோ, "அம்மா பிரான்சுக்குப் போயிருக்குதுடா" என்றது.

அழுகை நின்றது. "பிரான்சுக்கா?"

"ஆமா. அங்க பெரிய பெரிய டாக்டருங்கல்லாம் இருக்காங்க. நோவு குணமானதும் பிளேன்ல ஏறி வந்துடும். நீ சாப்புடு."

"எனக்கு இன்னா வாங்கியாரும்?"

"எல்லாம் வாங்கியாரும்."

அத்தைக்கு அந்த ஒரு வேளைச் சோற்றை அவன் வாயில் போட வேண்டியிருந்தது. அவ்வளவுதான். அந்தப் பேச்சு அதற்கப்புறம் எங்கள் வீட்டில் எவ்வளவு நாள் குடியிருக்கப்போகிறது என்று அத்தைக்குத் தெரிந்திருக்காது.

எனக்கு உண்மை தெரிந்தது கைப்பம்பு அருகில். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ, கீற்றுத் தடுப்புக்கு இந்தப் பக்கம் கால் கழுவிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் யாரோ ஒரு பெண்பிள்ளை அத்தையிடம், "தாயில்லாப் புள்ளைங்களாப் பூடுச்சுங்களே. நல்லபடியாப் பாத்துக்க" என்றாள். அத்தை மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

நான் பம்பை அடித்துக்கொண்டே இருந்தேன். கால் கழுவி முடிந்து வெகுநேரம் ஆகியும் அடித்தேன். சேறாகிவிட்டது என்று மாமா வந்து சத்தம் போட்டார். பிறகு திட்டியது ஞாபகம் வந்தவர் போல என் தலையைத் தடவிவிட்டுப் போனார். அந்தத் தடவல்தான் எனக்கு அதை உறுதிப்படுத்தியது.

ஏன் நான் யாரையும் கேட்கவில்லை என்று பிற்பாடு பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். கேட்டால் அவர்கள் சொல்லிவிடுவார்கள். சொன்னால் முடிந்துபோகும். அதோடு இன்னொன்று. பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து அவ்வளவு கஷ்டப்பட்டு ஒன்றை மூடி வைத்திருந்தார்கள். அதைத் திறக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

காரியம் முடிந்த பிறகுதான் எங்களை வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். வாசலிலேயே சுண்ணாம்பு வாசனை. வெள்ளை அடித்திருந்தார்கள். உள்ளே அம்மாவின் பொருள் ஒன்றுகூட இல்லை. கொடியில் சேலை இல்லை. கட்டைவிரல் பட்டுத் தேய்ந்த செருப்பு இல்லை. சாந்துக் குப்பி, பல் போன சீப்பு, கோடம்பாக்கத்து மாமி ஒருத்தி கொடுத்த பச்சை வளையல், மில் துணித் துண்டுகளைச் சேர்த்து அவள் தைத்த தலையணை உறை, எதுவும் இல்லை. பெயர் வெட்டிய அவள் டம்ளரைக்கூட எடுத்துவிட்டார்கள். "கண்ணுல பட்டா புள்ளைங்க ஏங்கிப்பூடும்" என்று அத்தை யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது.

ஆனால் வெள்ளை அடித்தவர்களுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. அம்மா சுவரில் சாய்ந்து உட்காரும் இடத்தில் தலையெண்ணெய் பட்டு வட்டமாகக் கறை இருக்கும். சுண்ணாம்பு காயக் காய அது மெல்ல மேலே வந்தது. முதலில் லேசான மஞ்சளாக. பிறகு நன்றாகவே தெரிந்தது. யாரும் இல்லாதபோது நான் அங்கே போய் என் தலையைச் சாய்த்து உட்காருவேன். என் உயரத்துக்கு அது எட்டாது. பலகை போட்டு உட்காருவேன்.

அப்பா எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டார் என்று சொல்ல முடியாது. "சாப்டியா", "ஸ்கூலுக்கு நேரமாச்சு", "தம்பியப் பாத்துக்க". இதெல்லாம் சொன்னார். நாங்கள் எதையாவது கேட்டுவிடுவோமோ என்ற பயத்தில் எங்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். தம்பி ஒருநாள், "அம்மா எந்த ஊர்ல எறங்கும்?" என்று கேட்டபோது அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். பொத்தானைத் தெருவில் போட்டுக்கொண்டே நடந்தார்.

ஆக, வீட்டில் மூன்று பேர். தம்பிக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அப்பாவுக்குத் தெரியாது. ஒரே அறையில் மூன்று பாய் விரித்துப் படுத்திருந்தோம்.

பள்ளிக்கூடம் அதைவிட மோசம். நான் போய்ச் சேர்ந்தால் பேச்சு நின்றுவிடும். மாங்காய் ஊறுகாய் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள், நான் உட்கார்ந்ததும் எல்லோரும் சாப்பாட்டைப் பார்ப்பார்கள். தரையில் கட்டம் கீறி என்னோடு எப்போதும் பாண்டி ஆடுகிற பெண் ஒருத்தி இருந்தாள். அவளிடம், "ஏன் எங்கிட்ட பேச மாட்டேங்கிற?" என்று கேட்டேன்.

"உன் முன்னாடி யாரும் அம்மாவப் பத்திப் பேசக் கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்க" என்றாள். "எதப் பேசுனாலும் அம்மா வந்துடுது. அதான்."

அவள் சொன்னது சரிதான். பத்து வயதில் எதைப் பேசினாலும் அம்மா வந்துவிடுவாள். டீச்சர் என்னை முதல் பெஞ்சுக்கு மாற்றினார். வீட்டுப்பாடம் எழுதாவிட்டாலும் திட்டுவதில்லை. ஒரு தடவையாவது மற்றவர்களைப் போல என்னையும் முட்டி போட வைக்க மாட்டாரா என்று இருந்தது.

தம்பி மட்டும் என்னிடம் பேசினான். பேச்செல்லாம் பிரான்சு. சாயங்காலம் பழைய துறைமுகப் பாலத்துப் பக்கம் போய் நிற்போம். அவன் கடலைக் காட்டி, "அக்கா, பிரான்சு அந்தப் பக்கமா?" என்பான். நான் ஆமாம் என்பேன். அது நேர் எதிர்ப்பக்கம் என்று பின்னால் பூகோளப் பாடத்தில்தான் தெரிந்தது. "அங்க இப்போ மணி இன்னா?" என்பான். "இப்போ அம்மா தூங்கும்" என்பேன். அவனுக்காகச் சொல்லிச் சொல்லி, சில நாட்களில் எனக்கே அம்மா ஒரு வெள்ளைக் கட்டிலில் போர்வை போர்த்திப் படுத்திருப்பது தெரியும். அடுத்த நொடியே அது கலையும். அதற்கப்புறம் வீடு திரும்பும் வழி ரொம்ப நீளமாக இருக்கும்.

கோடை ஆரம்பிக்கும்போது எங்கள் தெரு சொல்தா மாமா லீவில் வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி அவர் குடும்பம். மாமா பிரான்சிலேயே வேலை பார்த்துக்கொண்டு எப்போதாவது வருவார். வந்தால் தெருவே சோப்பு வாசனை அடிக்கும். நல்ல மனுஷர். உரக்கப் பேசுவார், பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொள்வார்.

ஒருநாள் காலையில் அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தம்பி ஓடிப்போய் முன்னால் நின்றான். நான் பின்னாலேயே ஓடினேன், பிடிக்க முடியவில்லை.

"மாமா, பிரான்சுல எங்கம்மாவப் பாத்தீங்களா?"

அவருக்குப் புரியவில்லை. சிரித்தபடியே நிமிர்ந்தார். நிலைப்படியில் நின்ற அவர் மனைவி, வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டிக் கண்ணைக் காட்டினாள். மாமாவின் சிரிப்பு முகத்திலேயே நின்றது. அவர் என்னைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார்.

"பாத்தேனே" என்றார். "நல்லா இருக்காங்க. ஒடம்புகூடத் தேறிட்டாங்க."

"நெசமாவா?"

"நெசமாத்தான்." எழுந்து உள்ளே போய் ஒரு சாக்லேட் கட்டியை எடுத்து வந்தார். தங்க நிறத் தாள் சுற்றியது. "இந்தா, உங்கம்மா குடுத்தனுப்பிச்சாங்க."

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு குழந்தை வாசலில் வந்து நின்று அப்படிக் கேட்டால் என்னதான் சொல்வார்? ஆனால் அன்றைக்கு அவர் தெரியாது என்று சொல்லியிருந்தால்கூடப் போதும் என்று இன்றும் நினைக்கிறேன்.

தம்பி அன்று முழுக்கக் குதித்தான். சாக்லேட்டில் எனக்குப் பாதி கொடுத்தான். வாயில் போட்டேன். அதற்கு முன் அப்படி ஒரு ருசியை நான் பார்த்ததில்லை. விழுங்க முடியாமல் கொல்லையில் போய்த் துப்பினேன்.

அந்தச் சந்தோஷம் சில நாள்தான் நின்றது. அப்புறம் அவன் கேட்க ஆரம்பித்தான். "அம்மாவுக்குத்தான் ஒடம்பு நல்லாயிடுச்சே. ஏன் இன்னும் வரல?" நான் ஏதோ சொன்னேன். மறுநாள் கேட்கவில்லை. அதற்கு மறுநாளும் கேட்கவில்லை. சாப்பாடு குறைந்தது. பாயை நனைத்தான். தெருவில் விளையாடப் போகாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அப்பா மருந்துக்கடையில் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து வாங்கிவந்து கொடுத்தார்.

ஒரு மத்தியானம் என் பாவாடையைப் பிடித்து இழுத்து, "அக்கா, சொல்தா மாமா ஊருக்குப் போறப்ப அம்மாகிட்ட ஒண்ணு சொல்லச் சொல்றியா?" என்றான்.

"என்னாடா?"

"இனிமே ஒதைக்க மாட்டேன்னு."

எனக்கு விளங்கவில்லை. அவன் மெல்ல மெல்லச் சொன்னான். அம்மா படுத்திருந்தபோது ஒரு நாள் அவன் அவள் பக்கத்தில் படுத்து உருண்டிருக்கிறான். கால் அவள் வயிற்றில் பட்டுவிட்டது. அம்மா கத்திவிட்டாள். அதற்கப்புறம்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் கோபத்தில்தான் அவள் வரமாட்டேன் என்கிறாள். மாமா பார்த்தபோதும் தன்னைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லையே.

இத்தனை மாதமாக அந்த ஆறு வயதுப் பிள்ளை அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறான். வீட்டில் நான் ஒருத்திதான் தனியாக இருக்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று அப்பாவுக்குக் காலை ஷிப்ட். வந்து கை கழுவி உட்கார்ந்தார். நான் சோறு போட்டேன். சாம்பார் ஊற்றினேன். அவர் பிசைய ஆரம்பித்ததும் சொன்னேன்.

"அப்பா, தம்பிகிட்ட சொல்லிடுங்க."

"என்னா சொல்லணும்?"

"அம்மா செத்துப்போனத."

கை சோற்றில் நின்றது. அந்த வார்த்தையை எங்கள் வீட்டுக்குள் முதலில் சொன்னது நான்தான். அறைவார் என்று நினைத்தேன். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் தம்பி சொன்னதை எல்லாம் சொன்னேன், உதைத்தது வரைக்கும். அவர் தட்டில் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கொல்லைக்குப் போனார். வெகுநேரம் வரவில்லை. கதவிடுக்கில் பார்த்தேன். துவைகல்மேல் உட்கார்ந்திருந்தார், முதுகு மட்டும் தெரிந்தது.

அப்பா அதற்குப் பிறகும் பெரிதாகப் பேசுகிறவராக மாறிவிடவில்லை. கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி அத்தை எவ்வளவோ கேட்டது, அவர் செய்துகொள்ளவில்லை. மில் மூடிய பிறகு சைக்கிள் கடை ஒன்றில் கணக்குப் பார்த்தார். ஆனால் சாகும்வரை, திடீரென்று, எதற்கும் சம்பந்தமில்லாமல், "உங்கம்மாவுக்குக் கத்திரிக்காயே ஆவாது" என்றோ, "உங்கம்மா நல்லா விசிலடிப்பா, தெரியுமா?" என்றோ சொல்வார். தம்பிக்கு அம்மாவின் முகம் ஞாபகமில்லை. அவன் அவளைத் தெரிந்துகொண்டதெல்லாம் அப்படித்தான். இப்போது அவன் தாத்தாவாகிவிட்டான். அம்மா விசிலடித்ததை நேரில் பார்த்தவன் போலப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்கிறான். நான் திருத்துவதில்லை.

நான் அப்பாவிடம் சொன்னதற்கு மறுநாளிலிருந்து அவருக்கு இரண்டாம் ஷிப்ட். காலையில் எங்கள் இரண்டு பேரையும் சைக்கிளில் ஏற்றினார். தம்பி முன் கம்பியில், நான் பின்னால். எங்கே என்று சொல்லவில்லை. தேங்காய்த்திட்டு வழியாகப் போனோம். இப்போது அங்கே துறைமுகமும் மீன் ஏலமுமாக இரைச்சல். அப்போது வலைகளும் சேற்று வாசனையும்தான். ஆறு கடலில் சேரும் இடத்துக்குக் கிட்டே சைக்கிளைச் சாய்த்துவிட்டு மணலில் உட்கார்ந்தார். எங்களையும் உட்காரச் சொன்னார்.

"அம்மா பிரான்சுக்குப் போவலடா" என்றார் தம்பியிடம். "அம்மா செத்துப்போச்சு. ஆஸ்பத்திரியிலயே செத்துப்போச்சு. எரிச்சிட்டு, சாம்பல இங்கதான் கரைச்சோம்."

தம்பி தண்ணீரைப் பார்த்தான்.

"எரிச்சா சுடாதா?"

"செத்துப்போனா சுடாதுடா. ஒண்ணும் தெரியாது."

"பசிக்காதா?"

"பசிக்காது. வலிக்காது."

"அப்போ அத்தை சொன்னது?"

"பொய். நீ அழக் கூடாதுன்னு சொன்ன பொய். நாங்க எல்லாருமே சொன்னோம்."

"சாக்லேட்டு?"

"அது சொல்தா மாமாவோடது."

தம்பி காலால் மணலைத் தோண்டினான். அப்பா அவன் காலைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "இந்தக் கால் பட்டதால ஒண்ணும் ஆவல. நீ ஒதைக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே அவ வயித்துல கட்டி இருந்துது. டாக்டரே எங்கிட்ட சொன்னாரு. உன்னால இல்ல."

"கோவம் இல்லியா?"

"இல்லடா."

"என்னக் கேட்டுச்சா?"

அப்பா அவன் காலை மெல்லத் தடவினார். "கேட்டா" என்றார். "ஒங்க ரெண்டு பேரையும் கூட்டியாங்க, கூட்டியாங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. நாந்தான் கூட்டிப்போவல. நீங்க பயந்துடுவீங்கன்னு நெனச்சேன்."

தம்பி அப்போதுதான் அழுதான். வாயைப் பெரிதாகத் திறந்து, மூச்சே விடாமல், சத்தம் வெகுநேரம் கழித்துத்தான் வந்தது. அப்பாவின் சட்டையைப் பல்லால் கடித்தான். அப்பா அவனைச் சமாதானப்படுத்தவில்லை. அதை மட்டும் யார் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ. முதுகில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஒனக்கு எப்போ தெரியும்?"

"காலாப்பட்டுலயே தெரியும்."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க சொல்லலியே."

அவர் தலைமுடியில் முந்தைய நாள் பஞ்சு ஒட்டியிருந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை மாதங்களுக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நீ அழலியாம்மா?"

"தம்பி அழுது முடிக்கட்டும்பா" என்றேன்.

வெயில் ஏறியது. ஒரு கட்டுமரம் உள்ளே வந்தது, ஆட்கள் அதை மேலே இழுத்துப் போட்டுவிட்டு எங்களைப் பார்த்தபடி போனார்கள். தம்பியின் அழுகை விக்கலாகி, விக்கல் நின்று, அப்பாவின் மடியிலேயே தூங்கிப்போனான். அப்பா அவனை மெதுவாகத் தன் துண்டின்மேல் கிடத்தினார். மில்லுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இப்போதே கிளம்பினால்தான் எங்களை வீட்டில் விட்டுவிட்டுப் போய்ச் சேர முடியும்.

அவர் எழுந்திருக்கவில்லை. என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, "ம், இப்போ நீ" என்றார்.